ஐந்தாவது குழாய்

இதை யாராவது கதை என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிக்கிறவன் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். இது நடந்தது பட்டப்பகலில். சுடுகாடு இல்லை, ஆந்தை இல்லை, பாழடைந்த பங்களா இல்லை. ஹெப்ஸ்டன் ஊரின் நட்டநடுவில், கட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு வங்கியில் நடந்தது. அங்கே காவலாளாக இருந்தவன் நான். என் பெயர் ஜேபஸ் சக்டன். சந்தேகம் இருக்கிறவர்கள் யார்க்ஷயர் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் ஆலைப் புகைபோக்கிகளைத் தவிர உயரமாக எது நின்றாலும் அது ஆம்ப்ளர் கட்டியதாகத்தான் இருக்கும். நகர மன்றம் அவர் கட்டியது. சந்தைக் கூடம், குளியல் கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவர் வரைந்த வரைபடம்தான். "ஆம்ப்ளர் ஆஸ்பத்திரியில பொறந்து, ஆம்ப்ளர் கூடத்துல குளிச்சு, ஆம்ப்ளர் மன்றத்துல அபராதம் கட்டணும். சாவறது மட்டும்தான் நம்ம இஷ்டம்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். கம்பளியில் காசு கொட்டிய காலம் அது. ஓடைக்குமேல் கல் வளைவு போட்டு மூடி, அதன் தலையிலேயே தூணும் கோபுரமுமாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓடை அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆம்ப்ளருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எதைக் கட்டினாலும் உள்ளே பேசுகுழாய் வைத்தே தீருவார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுவருக்குள்ளேயே குழாய் ஓடும். இரண்டு முனையிலும் பித்தளை வாய், அதில் விசில் பொருத்திய மூடி. பேச வேண்டியவர் தன் பக்கத்து மூடியைப் பிடுங்கி ஊதுவார். மறுமுனையில் விசில் கத்தும். அங்கே இருப்பவர் மூடியை எடுத்துக் காதை வைப்பார். மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை மிச்சம்.

என் அறை பாதி தரைக்குக் கீழே. அதன் சுவரில் பதித்த பலகையில் ஐந்து வாய்கள். நான்குக்குக் கீழே பெயர் எழுதியிருக்கும். மேனேஜர், காசாளர், பெட்டக அறை, மாடி. ஐந்தாவதற்குப் பெயர் கிடையாது. பக்கத்து மனையில், எங்கள் சுவரை ஒட்டியே, கம்பளிச் சந்தை மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. அதுவும் ஆம்ப்ளருடையதுதான். அது முடிந்ததும் அந்தக் குழாயை அங்கே இணைப்பார்களாம். அதுவரை பலகைக்குப் பின்னால் ஒரு சாண் குழாய். அதன் முனையில் கெட்டியாகச் சாந்து அடைப்பு. வைத்தபோது விளக்குப் பிடித்தவன் நான். என் கண்ணால் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் ஒரு காலை அந்த ஐந்தாவது விசில் அடித்தது.

பலமாக இல்லை. ஊதத் தெரியாதவர் யாரோ ஊதிப் பார்த்ததுபோல இருந்தது. மூடியைப் பிடுங்கினேன். சில்லென்று கன்னத்தில் காற்று. ஓடை நாற்றம். "யாருங்க?" என்றேன். பதில் இல்லை. ஆனால் காலியான குழாயில் ஒரு ரீங்காரம் இருக்குமே, அது இல்லை. அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள் என்று தோன்றியது. மூடியை வைத்துவிட்டேன்.

பக்கத்து வேலையின் மேஸ்திரி டைசனிடம் சொன்னேன். "காத்துய்யா" என்று சொல்லிவிட்டு, போய் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

என் தம்பி ஏமஸ் அந்த மாளிகையில்தான் கல் வைத்துக்கொண்டிருந்தான். அப்பா அம்மா காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அந்த வசந்தத்தில் அவனுக்கும் செலினாவுக்கும் கல்யாணம் நடந்தது. நெசவு ஆலைப் பெண். இப்போது வயிற்றில் பிள்ளை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏமஸ் என் அறைக்கு வருவான். கணப்பு இருக்குமே, அதற்காக.

"என்னண்ணே, உன் குழாய்ல பேய் ஊதுதாமே?"

"வாயை மூடிட்டு ரொட்டியைத் தின்னுடா."

"கல்யாணம் பண்ணிக்கோன்னா கேக்கறியா? தனியா உக்காந்திருந்தா விசில்தான் கேக்கும்."

சொல்லிக்கொண்டே எழுந்தான். நான் தடுப்பதற்குள் மூடியைப் பிடுங்கிவிட்டான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

"கீழ யாருப்பா? நான் ஏமஸ் சக்டன்! ஹெப்ஸ்டன்ல என்னை மாதிரி கல் வைக்க இன்னொருத்தன் பொறக்கல. பக்கத்துல நிக்கிறது எங்க அண்ணன் ஜேபஸ். சரியான பயந்தாங்கொள்ளி. நீ யாரு, சொல்லு!"

காதை வைத்தான். சிரிப்போடுதான் வைத்தான். மெதுவாக அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"என்னடா?"

காதை எடுத்துவிட்டு அந்தப் பித்தளை வாயையே பார்த்தான்.

"டேய், என்ன சொல்லுச்சு?"

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுதுண்ணே."

மூடியை வைத்துவிட்டுப் போய்விட்டான். தேநீர் அப்படியே இருந்தது. சுடச்சுடத் தேநீரை அவன் விட்டுப்போனதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பத்து நாள் ஒன்றும் இல்லை. நானும் மறக்கப் பார்த்தேன். அப்புறம் ஒரு காலை விசில் அடித்தது. இந்தத் தடவை நன்றாக, பழகிய ஆள் ஊதுவதுபோல. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை எடுத்துவிட்டது.

"அண்ணே..."

ஏமஸ் குரல்.

"அண்ணே... இருட்டா இருக்கு. நீ போகாத."

தலை தெறிக்க ஓடினேன். தெருவைச் சுற்றி, மண்மேட்டைத் தாண்டி, சாரத்துக்குக் கீழே போய் நின்றேன். மேலே, இளவெயிலில், ஏமஸ் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொழுப்புத் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. கூட இருந்தவர்கள் விசிலடித்துக் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன்.

அன்று மாலை கெஞ்சினேன். இந்த வேலை வேண்டாம், வேறு ஊருக்குப் போய்விடு என்றேன்.

"பனிக்காலத்துல எவன்ணே வேலை குடுப்பான்? பிள்ளை வரப்போகுது" என்றான்.



நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. காலையிலேயே மூடுபனியும் ஆலைப் புகையும் சேர்ந்து எதிர்வீடு தெரியவில்லை. வங்கியில் பகலிலேயே விளக்கு ஏற்றியிருந்தோம். நகர மன்ற மணிக்கூண்டு பத்தரை அடித்து ஓய்ந்தது.

அடுத்து அந்தச் சத்தம்.

தரை ஒரு முறை தூக்கிப்போட்டது. கூரைச் சுண்ணாம்பு என் தலையில் கொட்டியது. வெளியே ஓடினேன். கம்பளி மாளிகையின் கோபுரப் பக்கம் முழுக்கக் கீழே கிடந்தது. பனியோடு புழுதி கலந்து, ஆட்கள் சுண்ணாம்பு பூசிய பொம்மைகளாக அலைந்தார்கள். டைசன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் குரல் கொடுத்தார்கள்.

ஏமஸ் மட்டும் கொடுக்கவில்லை.

கையால் கல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். நகம் பெயர்ந்தது. அப்போது வங்கிக் குமாஸ்தா ஒருவர் ஓடிவந்தார்.

"ஜேபஸ், உன் ரூம்ல விசில் நிக்காம அடிக்குதுப்பா!"

டைசன்தான் என் தோளைப் பிடித்து இழுத்துப் போனார். அறை வாசலிலேயே கேட்டது. ஐந்தாவது. மூடியைப் பிடுங்கினேன்.

"அண்ணே... இருட்டா இருக்கு."

"டேய்! எங்கடா இருக்க?"

"ஓடைப் பக்கம்ணே. வளைவுக்குக் கீழ. தண்ணி வருது."

டைசன் என்னைத் தள்ளிவிட்டுக் காதை வைத்தார். அந்த முரட்டு மனிதரின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "அவன்தான்யா. உசுரோட இருக்கான். இடிஞ்சதுல அடைப்பு பிளந்து குழாய் தொறந்துருக்கு." அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? அவர் வெளியே ஓடினார். முப்பது பேர் கடப்பாரையோடு ஓடைப் பக்கம் போனார்கள். அது மனையின் அந்தக் கோடி.

நானும் போகத் திரும்பினேன்.

"போகாதண்ணே. பேசிக்கிட்டே இரு."

நின்றேன்.

பேசினேன். என்னென்னவோ பேசினேன். ஆனால் ஏதோ உறுத்தியது. அவ்வளவு புழுதியில் கிடப்பவன் ஒரு தடவைகூட இருமவில்லை. மூச்சு வாங்கவில்லை. "இருட்டா இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் அதே ராகத்தில், அதே இடத்தில் நிறுத்திச் சொன்னான்.

மரச்செருப்புச் சத்தம் கேட்டது. செலினா. ஆலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள். தலைமுடியில் கம்பளித் தூசு ஒட்டியிருந்தது. ஒரு கை வயிற்றில்.

"மாமா, அவரு இருக்காருல்ல?"

"இருக்கான்மா. பேசறான். இந்தா, நீயே கேளு." குழாயில் சொன்னேன், "டேய், யாரு வந்திருக்கா பாரு."

அவள் வாயை வைத்து, "என்னங்க, நான்தாங்க" என்றாள். காதை வைத்தாள்.

கேட்டாள்.

மெதுவாகக் காதை எடுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா... எம் பேரு என்னன்னு கேக்குது."

டைசன் அப்போதுதான் விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே வந்திருந்தார். "தலைல அடிபட்டா அப்படித்தாம்மா. என் மச்சான் பெத்த தாயையே யாருன்னு கேட்டான். சொல்லு, உன் பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன். இது அவரு இல்ல."

"பைத்தியம் மாதிரிப் பேசாத..."

டொக்.

மூவரும் நின்றோம்.

டொக்... டொக்.

குழாய்ப் பலகைக்குக் கீழே. சுவருக்குள்ளே. முழங்கால் உயரத்தில்.

குழாயில் கேட்டேன். "ஏமஸ், நீயா தட்டற?"

"இல்லண்ணே. கடப்பாரைச் சத்தம். நீ அதைக் கேக்காத. என்கிட்ட பேசு."

செலினா தரையில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

டொக்... டொக்.

"இங்கதான் இருக்காரு! மாமா, இங்கதான்! இடிங்க!"

அதற்குள் ஆம்ப்ளர் வந்துவிட்டார். பட்டுத் தொப்பியெல்லாம் புழுதி. நல்ல மனிதர்தான். நான் அவர் காலில் விழாத குறை.

"ஐயா, ஒரே ஒரு கல்லை எடுத்துப் பாத்துடலாம் ஐயா."

"அங்க வெற்றிடமே கிடையாதுப்பா. ரெட்டைச் சுவர், இதுவும் மாளிகைச் சுவரும். நடுவுல கல்லும் சாந்தும் கெட்டியா ரொப்பச் சொல்லி நானே வரைஞ்சேன். எலிகூட நுழைய முடியாது. மேல மூணு மாடி இந்தச் சுவர்மேல நிக்குது. ஏற்கெனவே ஆடிப்போயிருக்கு. கை வெச்சா அத்தனை பேரும் உள்ள."

"தட்டுற சத்தம் கேக்குதே ஐயா!"

"கல்லுல சத்தம் எங்கிருந்து வேணா நடந்து வரும்." குழாயைக் காட்டினார். "அவன்தான் பேசறானே. அவனையே கேளு. எங்க இருக்கான்னு அவனுக்குத் தெரியாதா?"

கேட்டேன்.

"ஓடைப் பக்கம்ணே. மார் வரைக்கும் தண்ணி. சீக்கிரம்."

ஆம்ப்ளரும் கேட்டார். டைசனும் கேட்டார். இருவரும் ஓடைப் பக்கம் ஓடினார்கள்.

செலினா கணப்புக் கம்பியை எடுத்துச் சுவரைக் குத்த ஆரம்பித்தாள். சுண்ணாம்புதான் உதிர்ந்தது. கீழே யார்க்ஷயர்க் கருங்கல், ஒரு முழக் கனம். குமாஸ்தாக்கள் வந்து அவளைத் தூக்கிப் போனார்கள். கட்டடம் விழுந்துவிடுமாம், வயிற்றுப் பிள்ளைக்காரியாம். தெருவரை அவள் கத்தியது கேட்டது.

நான் தனியாக நின்றேன்.

ஒரு கை குழாயில். ஒரு கை சுவரில்.

குழாய் பேசியது. சுவர் தட்டியது. எது என் தம்பி?

சுவரை நம்பினாலும் என்னால் அதை உடைக்க முடியாது. குழாயை நம்பினால் என்னால் அதை விட்டு நகர முடியாது. ஒரு அடி எடுத்து வைத்தால் "அண்ணே" என்றது. குனிந்து சுவரில் காதை வைத்தால் "அண்ணே, அண்ணே" என்று வேகமாக அழைத்தது. கடைசியில் சத்தம் போட்டு அழுதேன். "ஏமஸ், நீ எங்கடா இருக்க, சொல்லுடா" என்று இரண்டையும் பார்த்துக் கேட்டேன்.

தட்டல் வேகமாகியது. டொக் டொக் டொக்.

"நீ அதைக் கேக்காத."

டொக்... டொக்.

"என்கிட்ட பேசு."

டொக்...

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

...

டொக்.

நாலு மணி அடித்தது.

காத்திருந்தேன்.

சுவர் தட்டவில்லை.

குழாயில் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"சரி. நீ போகலாம்ணே."

பிறகு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். 'டக்.'

யாரோ மூடியை வைத்துவிட்டார்கள்.

ஓடைப் பக்கம் இரவெல்லாம் தோண்டினார்கள். மறுநாளும் தோண்டினார்கள். வளைவு இடியவே இல்லை. அங்கே மார் வரை தண்ணீர் இல்லை, கணுக்கால் நனையும் அளவுகூட இல்லை. ஆளும் இல்லை.

வெள்ளிக்கிழமை, சுவருக்கு முட்டுக் கொடுத்து, வெளிப்பக்கமாகக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஆம்ப்ளர் வரைந்தது சரிதான். ரொப்பச் சொல்லித்தான் வரைந்திருந்தார். ஆனால் கட்டியவர்கள் ரொப்பவில்லை. மேலே இரண்டு வரிசை மட்டும் மூடிவிட்டு, உள்ளே ஆள் உயரத்துக்குக் காலியாக விட்டிருந்தார்கள். கோபுரம் சரிந்ததில் அந்த மூடல் உடைந்து, மேலே நின்றவன் உள்ளே விழ, இடிபாடு வாயை அடைத்துவிட்டிருந்தது. எங்கள் ஊரில் ஆம்ப்ளரின் வரைபடம் தப்பாகப் போகாது என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அவருக்கும்தான்.

ஏமஸ் அங்கே இருந்தான். என் குழாய்ப் பலகைக்கு நேர் பின்னால். இரண்டு சுவருக்கு நடுவே சிக்கி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். வலது கை விரல் மூட்டுகளில் தோலே இல்லை.

அன்றே பலகையைக் கழற்றச் சொன்னேன். ஐந்தாவது குழாயின் முனையில் சாந்து அடைப்பு அப்படியே இருந்தது. கீறல்கூட இல்லை. குழாய்க்காரன் கட்டைவிரலால் அழுத்திய தடம்கூட அழியவில்லை. டைசன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அடக்கத்துக்கு முந்திய நாள் டாக்டர் ஃபெர்னி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதானவர், ஏழைகளிடம் காசு வாங்காதவர்.

"மறைக்க விரும்பல ஜேபஸ். உடனே போயிடல அவன். செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கு."

"எங்ககிட்டப் பேசினானே டாக்டர். பேர் சொல்லிக் கூப்பிட்டானே."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க குரல் நாண் முழுசா நசுங்கிப்போச்சு, மூச்சு மட்டும் கொஞ்சம் இழைஞ்சிருக்கு. விழுந்த நொடியில இருந்து அவனால ஒரு முனகல்கூட முனகியிருக்க முடியாது."

அவர் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவருக்குக் குழாய் விஷயம் எதுவும் தெரியாது. என் தோளில் கையை வைத்து, உள்ளன்போடுதான் சொன்னார்.

"ஆனா காதுக்கு ஒண்ணும் ஆகல. நீ அந்தச் சுவர்கிட்டயே நின்னு நாள் பூரா பேசிக்கிட்டிருந்தியாமே? ஒரு வார்த்தை விடாம கேட்டிருப்பான். அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோப்பா."